அவள் பெயரை யாரும் கேட்கவில்லை

மணப்பெண்ணின் முகத்தில் வெள்ளைப் பூச்சு அப்பியிருக்கிறது. நெற்றியிலும் இரு கன்னங்களிலும் வட்டமாகச் சிவப்புப் பொட்டு. கண்ணைத் திறக்க முடியாதபடி இமைகளைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து அவளை முற்றத்துக்கு அழைத்து வருகிறார்கள். மாப்பிள்ளை மரத்தில் செதுக்கிய காட்டு வாத்து ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான், வாழ்நாள் முழுதும் துணை பிரியாமைக்கு அடையாளமாக. அவள் இரண்டு முறை குனிந்து வணங்கினால் அவன் ஒரு முறை வணங்குகிறான். அன்று முழுதும் அவள் பேசக் கூடாது. சிரிக்கவும் கூடாது. மணப்பெண் சிரித்தால் முதல் குழந்தை பெண்ணாகப் பிறக்கும் என்பார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கொரியாவுக்குப் போன மேலைநாட்டவரின் எழுத்தில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. 1884இல் அமெரிக்க மருத்துவர் ஹோரஸ் ஆலன் சியோலில் வந்திறங்கினார். அடுத்த ஆண்டே அண்டர்வுட், அப்பன்செல்லர் போன்ற பாதிரியார்கள் வந்தார்கள். மிஷனரிப் பெண்களும் வந்தார்கள். வீட்டின் உள்ளறைக்குள் அந்நிய ஆண் கால் வைக்க முடியாது. மிஷனரிப் பெண்ணோ போகலாம். ஆகவே கல்யாண வீட்டுக்குள் போய் மணப்பெண்ணைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு அவளுக்குத்தான் கிடைத்தது. பார்த்தாள், பரிதாபப்பட்டாள், வீட்டுக்கு வந்து எழுதினாள். அமெரிக்க மெதடிஸ்ட் பெண்கள் நடத்திய மிஷன் பத்திரிகை ஒன்றின் பெயரே ‘புறச்சமயப் பெண்ணின் தோழி’ என்று பொருள்படும். தோழி என்று சொல்லிக்கொண்ட இந்த எழுத்தில் கண் மூடிய மணப்பெண்ணுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. அவள் ஒரு சான்று. அவளைக் காட்டித்தான் காணிக்கை கேட்கப்பட்டது.

என் சண்டை இந்தப் பரிதாபத்தோடுதான். ஏனென்றால் அது செத்துப்போகவில்லை. இன்றும் வேறொரு நாட்டுப் பெண்ணின் திருமணத்தையோ முக்காட்டையோ பார்த்தவுடன் நம் வாயிலிருந்து முதலில் வருவது ‘ஐயோ பாவம்’தான். அதைச் சொல்லிவிட்டால் பெண்ணியக் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இமையை ஒட்டும் வழக்கத்துக்கு நான் வக்கீல் இல்லை. ‘அது அவர்கள் பண்பாடு, வெளியாள் பேசக் கூடாது’ என்கிற வாதம் எல்லா ஊரிலும் ஆண்களுக்கே வசதியாக இருந்திருக்கிறது. ஜோசன் காலத்துக் கொரியாவில் கன்ஃபூசிய நெறியின் பெயரால் பெண்ணை உள்ளறையில் அடைத்தார்கள். கைம்பெண்ணின் மறுமணத்தைக் கறையாக்கினார்கள். சிறுமிகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். இவை கொடுமைகள்தான். கேள்வி வேறு: அதைப் பார்த்து எழுதியவள் தன் வீட்டுக் கல்யாணத்தை என்னவென்று நினைத்திருந்தாள்?

லில்லியஸ் ஹார்ட்டன் மருத்துவர். 1888இல் கொரியா வந்து அரசி மின்னுக்கு வைத்தியம் பார்த்தவர். 1889இல் ஹோரஸ் அண்டர்வுட்டை மணந்தார். புதுமணத் தம்பதியர் வடக்கே நெடும்பயணம் போனார்கள். வெள்ளைக்காரப் பெண்ணையே பார்த்திராத ஊர்கள் அவை. போன இடமெல்லாம் கூட்டம். அந்தக் காலத்தில் கொரியாவின் உள்நாட்டில் பயணம் செய்த வெள்ளைக்காரப் பெண்கள் எல்லோருக்கும் இதே கதைதான். சத்திரத்தின் காகிதக் கதவுகளில் விரலால் ஓட்டை போட்டு ஊரே எட்டிப் பார்க்கும். கொரியக் கல்யாணத்திலும் இப்படி ஒரு பழக்கம் உண்டு: முதலிரவு அறையின் காகிதச் சன்னலில் எச்சில் விரலால் ஓட்டை போட்டு உறவுக்காரப் பெண்கள் வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கைப் பொருளாவது எப்படியிருக்கும் என்பது மிஷனரி மணப்பெண்ணுக்குத் தெரியும். ஆனாலும் தன்னைப் பார்த்தவர்களின் பார்வையை நாகரிகமற்றது என்றும், தான் பார்த்த பார்வையை இரக்கம் என்றும் பிரித்து வைத்துக்கொள்ள அந்த எழுத்துக்கு முடிந்திருக்கிறது.

அடுத்தது பெயர். கொரியப் பெண்களுக்குப் பெயரே இல்லை, நாங்கள்தான் ஞானஸ்நானத்தில் பெயர் கொடுத்தோம் என்பது மிஷன்கள் பெருமையோடு சொன்ன செய்தி. பாதி உண்மை. பல பெண்கள் ‘இன்னாரின் மகள்’, ‘இன்னாரின் தாய்’ என்றே அழைக்கப்பட்டார்கள். கணவனின் வம்சாவளிப் பதிவில் அவளுடைய குலப்பெயர் மட்டும் ஏறும். மீதிப் பாதியைச் சொல்ல ஒரு பெண்ணின் கதை போதும்.

கிம் ஜொம்தோங் என்ற சிறுமியை 1886இல் மேரி ஸ்க்ராண்டன் தொடங்கிய இஹ்வா பள்ளியில் சேர்த்தார்கள். ஆங்கிலம் கற்றாள். மருத்துவர் ரொசெட்டா ஷெர்வுட்டுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் இருந்தாள். ஞானஸ்நானத்தில் எஸ்தர் ஆனாள். கல்யாண வயது வந்தது. மணமாகாத பெண்ணை ஊர் பொறுக்காது, வீட்டார் பொறுக்க மாட்டார்கள். மிஷனுக்கோ அவள் கிறிஸ்தவனைத்தான் மணக்க வேண்டும். மிஷனில் வேலை செய்த பார்க் யூசான் என்பவரைப் பார்த்துக் கொடுத்தார்கள். 1893இல் கல்யாணம். அதற்கு முன் ரொசெட்டாவுக்கு அவள் எழுதிய கடிதம் தயங்குகிறது: ஆண்களை எனக்குப் பிடித்ததில்லை, தையலும் வராது, ஆனால் எங்கள் வழக்கப்படி எல்லோரும் மணந்தே ஆக வேண்டும், கடவுளின் சித்தம் இதுவானால் ஏற்கிறேன் என்கிற பொருளில். இந்தப் பெண்ணின் இமையை யாரும் ஒட்டவில்லை. எழுதத் தெரிந்தவள், எழுதியும் விட்டாள். பிறகும் கல்யாணம் நடந்தது. ஊர் வழக்கமும் மிஷன் வழக்கமும் கைகோத்துக்கொண்டன.

கல்யாணத்துக்குப் பின் அவள் எஸ்தர் பார்க். கொரியாவில் பெண் கணவனின் குலப்பெயரை எடுப்பதில்லை. சாகும்வரை அவள் தகப்பன் வீட்டு ‘கிம்’தான். அது விடுதலை இல்லை. புகுந்த வீட்டில் கடைசிவரை அந்நியள் என்பதற்கான முத்திரை அது. ஆனாலும் அவளிடம் மிச்சமிருந்த ஒன்றே ஒன்று அதுதான். கணவன் பெயரை மனைவி சுமப்பது அமெரிக்க வழக்கம். பெயரில்லாதவளுக்குப் பெயர் கொடுத்ததாகச் சொன்ன மிஷனின் உலகத்தில் கிம் ஜொம்தோங் என்ற பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அவள் தோற்றுப்போகவில்லை. அமெரிக்கா சென்று, பால்டிமோர் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1900இல் மருத்துவரானாள். மேற்கத்திய மருத்துவம் படித்த முதல் கொரியப் பெண். மனைவியின் படிப்புக்காகக் கூலி வேலை செய்த பார்க் யூசான் அவள் பட்டம் வாங்குவதற்குச் சற்று முன் காசநோயில் இறந்தார். அந்தக் காலத்தில் எந்த நாட்டிலும் அபூர்வமான கணவர் அவர். அவள் ஊர் திரும்பிப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தாள். 1910இல் அதே நோய் அவளையும் கொண்டுபோனது. ரொசெட்டா இல்லாமல் இந்த வாழ்க்கை இல்லை. அந்த நன்றியை மறுக்க வேண்டியதில்லை. நன்றி இருக்கும் இடத்தில் கணக்குக் கேட்கக் கூடாது என்பதுதான் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாத விதி.

கணக்குக் கேட்ட கொரியப் பெண்கள் அன்றே இருந்தார்கள். ரன்சா என்ற பெண் இஹ்வாவில் சேர வந்தபோது, மணமானவள் என்று பள்ளி மறுத்தது. ஒரு மாலை விளக்கோடு மீண்டும் வந்து, பள்ளித் தலைவியின் முன்னால் அதை ஊதி அணைத்து, எங்கள் வாழ்க்கை இந்த இருட்டுதான் என்று சொல்லி இடம் வாங்கினார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. பின்னர் 1906இல் அமெரிக்காவின் ஒகையோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1911இல், மிஷன் பள்ளியில் படித்த பெண்களுக்குச் சமைக்கவும் தைக்கவும் தெரியவில்லை என்று கல்வியாளர் யுன் ச்சிஹோ குறைபட்டபோது, மிஷனரிகளின் ஆங்கில மாத இதழிலேயே அவருக்கு மறுப்பு எழுதினார். சமையல்காரியையும் தையல்காரியையும் உருவாக்கவா பள்ளி என்பது அவர் கேள்வி. யுன்னுக்கு மட்டுமல்ல, நல்ல கிறிஸ்தவ மனைவிகளை உருவாக்குவோம் என்று பேசிய மிஷன்களுக்கும் சேர்த்தே அது பொருந்தும்.

அதற்கும் முன்பு, 1898 செப்டம்பரில், சியோலின் வடபகுதிப் பெண்கள் பெண்ணுரிமை அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். பெண்களுக்குப் பள்ளி வேண்டும், ஆணுக்கு நிகரான உரிமை வேண்டும் என்றார்கள். அரசரிடம் மனுவும் கொடுத்தார்கள். அறிக்கையின் அடியில் இருப்பவை ‘யி சோசா’, ‘கிம் சோசா’ என்ற கையொப்பங்கள். குலப்பெயரும், மணமான பெண்ணைக் குறிக்கும் பொதுச்சொல்லும் மட்டுமே. சொந்தப் பெயர் போட வழியில்லாத பெண்கள் தங்கள் உரிமையைத் தாங்களே எழுதினார்கள். இவர்களும் ஒரு நாள் இமை ஒட்டப்பட்டு முற்றத்தில் நின்ற மணப்பெண்களாக இருந்திருப்பார்கள். சடங்குநாள் மௌனத்தை வாழ்நாள் ஊமைத்தனமாக எடுத்துக்கொண்டதுதான் மிஷனரிக் குறிப்புகளின் பெரிய பிழை.

பரிதாபப்பட்டவர்களின் வீட்டு நிலவரம் என்ன? கொரிய மணப்பெண்ணுக்காக அழுத அமெரிக்கப் பெண்ணுக்கு 1920வரை நாடு முழுவதற்குமான வாக்குரிமை இல்லை. அமெரிக்க மெதடிஸ்ட் சபை பெண்களுக்கு முழுக் குருத்துவ உரிமை தந்தது 1956இல். கொரியாவின் பெரிய பிரஸ்பிட்டேரியன் சபைப் பிரிவுகளில் ஒன்று பெண்களுக்குக் குருத்துவத்தைத் திறந்தது 1990களில். இன்னொன்று இன்னும் திறக்கவில்லை. கிராமம் கிராமமாக நடந்து, சமையற்கட்டுகளில் உட்கார்ந்து அந்தச் சபைகளை வளர்த்தவர்கள் ‘வேதாகமப் பெண்கள்’ என்ற கொரியப் பெண் ஊழியர்கள். நம் ஊர்த் திருச்சபைகளும் இப்படிப்பட்ட பெண்களின் கால்நடையில்தான் வளர்ந்தன. பீடம் மட்டும் ஆணுக்குப் போனது.

கொரியப் பெண்ணின் கண்ணை உண்மையில் திறந்தது எது? இஹ்வாவில் படித்த யி தே-யோங் அந்நாட்டின் முதல் பெண் வழக்கறிஞரானார். 1956இல் பெண்களுக்கான சட்ட ஆலோசனை மையம் தொடங்கினார். குடும்பச் சட்டத்தை மாற்ற அவரும் பல பெண்கள் அமைப்புகளும் பல பத்தாண்டுகள் போராடினார்கள். குடும்பத் தலைவன் ஆணே என்று வைத்திருந்த ஹோஜு முறை 2005இல் அரசமைப்புக்கு முரண் எனத் தீர்ப்பாகி, 2008இல் ஒழிந்தது. பள்ளி மிஷனுடையது. போராட்டம் அவர்களுடையது.

இன்று அதே சிவப்புப் பொட்டு மணப்பெண்ணை நாம் கைபேசியில், கொரியத் தொடர்களில் பார்க்கிறோம். இப்போது பரிதாபம் போய் ரசனை வந்திருக்கிறது: எவ்வளவு அழகு! இதிலும் அவள் பார்க்கப்படுபவள்தான். பரிதாபமும் ரசனையும் அவளிடம் எதையும் கேட்பதில்லை.

ரன்சாவை நெடுங்காலம் ‘ஹா ரன்சா’ என்றே எழுதிவந்தார்கள். ஹா கணவனின் குலப்பெயர். ரன்சா, ‘நான்சி’ என்ற ஞானஸ்நானப் பெயரின் கொரிய வடிவம். அவர் கொரிய விடுதலைப் போராட்டத்திலும் ஈடுபட்டவர். உறவினர் கேட்டுக்கொண்டதன் பேரில் தியாகிகளின் அரசுப் பதிவில் அவர் பெயர் அண்மையில்தான் ‘கிம் ரன்சா’ என்று திருத்தப்பட்டது. இறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு யாரோ அவள் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். மிஷனரிக் குறிப்புகளைக் கையில் எடுக்கும் மாணவிகள் செய்யத் தொடங்க வேண்டிய வேலையும் அதுதான். பாவம் என்று எழுதுமுன், அவள் யார் என்று கேளுங்கள்.