மயாமியில் ஏறுவதா, சான் ஹுவானில் ஏறுவதா?

கரீபியன் கப்பல் பயணம் என்றதும் எல்லோரும் முதலில் பார்ப்பது கப்பலின் போட்டோவை. எத்தனை நீச்சல் குளம், எவ்வளவு உயரத்தில் சறுக்கு, பால்கனி வைத்த அறை என்ன விலை என்று பார்த்து முடித்த பிறகுதான் மற்றதெல்லாம். கப்பல் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது என்பது ஓரமாகச் சின்ன எழுத்தில் இருக்கும். ஆனால் எந்தத் தீவைப் பார்ப்பது, எத்தனை நாள் வெறும் கடலைப் பார்ப்பது, வீட்டில் யார் யார் போக முடியும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்தச் சின்ன எழுத்துதான்.

ஹூஸ்டனில் மகள் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பேரப்பிள்ளைகள் இருவருக்கும் பள்ளி விடுமுறை வரப்போகிறது. "ஒரு வாரம் கப்பல்ல போயிட்டு வரலாமாப்பா?" என்று மகள் கேட்கிறாள். அம்மாவுக்கு மூட்டு வலி. மாப்பிள்ளைக்கு எச்-1பி வேலை விசா. அமெரிக்காவில் இருக்கும் எத்தனையோ தமிழ் வீடுகளின் நிலவரம் இதுதான்.

டவுன் பஸ் வேகம்

சொகுசுக் கப்பல் பார்க்கத்தான் பிரமாண்டம். அதன் வேகம் சராசரியாக மணிக்கு 20 நாட், அதாவது சுமார் 37 கிலோமீட்டர். காலியான ரோட்டில் போகும் டவுன் பஸ் அதை முந்திவிடும். ஏழு இரவுப் பயணம் என்றால், கிளம்பிய இடத்துக்கே ஏழு இரவுக்குள் திரும்பியாக வேண்டும். ஆகவே கிளம்பும் ஊரிலிருந்து எட்டும் தூரம் எதுவோ, அதுதான் உங்கள் கரீபியன்.

மயாமியிலிருந்து பஹாமாஸ் நாட்டின் நசாவு சுமார் 300 கிலோமீட்டர். ராத்திரி படுத்து எழுந்தால் வந்துவிடும். மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவது இதனால்தான். அதே மயாமியிலிருந்து செயின்ட் தாமஸ் தீவுக்குச் சுமார் 1,800 கிலோமீட்டர். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், நடுவில் செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின், இன்னும் ஒரு நிறுத்தம். 'கிழக்குக் கரீபியன்' என்று விற்பது இதைத்தான். மெக்சிகோவின் கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா, ஹோண்டுராஸின் ரோவட்டான் என்று போனால் 'மேற்குக் கரீபியன்'.

ஹூஸ்டன்காரர்களுக்குப் பக்கத்துத் துறைமுகம் கால்வெஸ்டன். வீட்டிலிருந்து காரில் 80 கிலோமீட்டர். ஆறு பேருக்கு விமான டிக்கெட் மிச்சம், பெட்டியை எடை போட்டுப் பார்க்கும் தலைவலியும் இல்லை. ஆனால் கால்வெஸ்டனில் ஏறினால் ஒரு வாரப் பயணம் ஏறக்குறைய எப்போதும் மேற்குக் கரீபியன்தான். கிழக்குத் தீவுகள் அங்கிருந்து ஒரு வாரத்தில் போய்த் திரும்ப முடியாத தூரம். குளிர்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் கடல் மூடுபனி இறங்கினால் கப்பல் போகும் கால்வாயை மூடிவிடுவார்கள். கிளம்புவதும் தள்ளிப்போகும், திரும்பி வந்து இறங்குவதும் தள்ளிப்போகும். இறங்கிய அன்றே ஆபீஸ் போகலாம் என்று நினைக்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

துறைமுகத்துக்குத் துறைமுகம் இப்படி ஒரு குணம் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் ஏறினால் கடலைப் பார்ப்பதற்கே முதலில் மிசிசிப்பி ஆற்றில் சுமார் 160 கிலோமீட்டர் போக வேண்டும். ஆற்றங்கரையை ரசிப்பவர்களுக்கு அது கொண்டாட்டம், கடலுக்குப் போகும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு வீண் நேரம். டாம்பாவில் பிரச்னை பாலம். 1980 மே மாதம் ஒரு சரக்குக் கப்பல் மோதி சன்ஷைன் ஸ்கைவே பாலம் இடிந்து 35 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பதிலாகக் கட்டி 1987-ல் திறந்த பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையே சுமார் 55 மீட்டர் இடைவெளி. இன்றைய ராட்சதக் கப்பல்களின் உயரத்துக்கு அது போதாது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓட ஆரம்பித்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 365 மீட்டர் நீளம், 7,600 பேர் வரை ஏறலாம். அதில்தான் போவேன் என்று பேரன் அடம்பிடித்தால், டாம்பா டிக்கெட் மலிவு என்று சொல்லிப் பயனில்லை. பதிலுக்கு, டாம்பாவில் கிடைக்கும் நடுத்தரக் கப்பலில் கூட்டம் குறைவு. தாத்தா பாட்டிக்கு அது எவ்வளவோ மேல்.

1886-ல் போட்ட சட்டம்

புளோரிடாவில் ஏறும் எல்லாக் கப்பலும் ஏன் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட்டுவிட்டு வருகிறது? கடற்கரை அழகு மட்டும் காரணமில்லை. வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல், அமெரிக்காவின் ஒரு துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் இறக்கக் கூடாது என்று 1886-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காப்பாற்றப் போட்டது. பெரிய சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, மால்டா என்று பதிவு செய்தவை. ஏறிய ஊரிலேயே இறக்கிவிடுவதாக இருந்தாலும் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும்.

கம்பெனிகள் இதிலும் ஒரு வழி கண்டுபிடித்தன. 1977-லேயே ஒரு கம்பெனி பஹாமாஸில் கிரேட் ஸ்டிரப் கே என்ற குட்டித் தீவை வாங்கியது. இன்று பெரிய கம்பெனிகள் பலவற்றுக்கும் இப்படி ஒரு தீவு இருக்கிறது. 2019-ல் கோகோகேயில் மிகப் பெரிய நீர் விளையாட்டுப் பூங்காவே திறந்தார்கள். பஹாமாஸ் மண் என்பதால் சட்டத்துக்கு அது வெளிநாடு, கணக்குப் புத்தகத்துக்கு சொந்த வீடு. குழந்தைகள் குஷியாக இருப்பார்கள், இடம் சுத்தமாக இருக்கும், கைப்பை பத்திரமாக இருக்கும். ஆனால் நசாவு சந்தையில் ஓலைக்கூடை பின்னி விற்கும் பெண்ணுக்கு அந்த ஒரு நாள் வியாபாரம் போச்சு. ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், பயணத் திட்டத்தில் இருக்கும் நிறுத்தங்களில் எத்தனை நிஜ ஊர், எத்தனை கம்பெனித் தீவு என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. மூன்றில் இரண்டு கம்பெனித் தீவாக இருந்தால் அதைக் கரீபியன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

அம்மாவின் மூட்டு வலிக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் வந்து ஒட்டி நிற்க மேடை கிடையாது. கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளை இறக்கிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். மேடை கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் அந்தத் தீவு மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றுவிட்டார்கள். பவளப்பாறை போய்விடும், கூட்டம் தாங்காது என்பது அவர்கள் கவலை, நியாயமும்கூட. பெலீஸ் நகரிலும் படகுதான். அலை ஆடும்போது ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குக் கால் வைப்பது முட்டி தேய்ந்தவர்களுக்குச் சாதாரண விஷயமில்லை. அலை அதிகமானால் வீல்சேரை ஏற்ற மாட்டார்கள், சில நாள் அந்த நிறுத்தமே ரத்தாகும். கோசுமெல்லில் அந்தக் கவலை இல்லை, கப்பலிலிருந்து நேராக மேடையில் இறங்கலாம்.

மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்

டிக்கெட் போடும் நேரத்தில்தான் பெரிய கேள்வி வருகிறது. "மாப்பிள்ளை, நீங்களும் வர்றீங்கல்ல?" என்று மாமனார் கேட்கிறார். மாப்பிள்ளை பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்க்கிறார். விசா ஸ்டாம்ப் போன வருஷமே முடிந்துவிட்டது. வேலைக்கான நீட்டிப்புக் கடிதம் கையில் இருக்கிறது, அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை எந்தப் பிரச்னையும் இல்லை. ஆனால் கப்பல் பஹாமாஸைத் தொட்டுத் திரும்பினால் அவர் அமெரிக்காவை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறார் என்று அர்த்தம். அதற்குச் செல்லுபடியாகும் விசா வேண்டும்.

கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் போய் 30 நாளுக்குள் திரும்புகிறவர்களுக்கு, ஸ்டாம்ப் முடிந்திருந்தாலும் உள்ளே வர ஒரு சலுகை உண்டு. எஃப்-1 மாணவர்களுக்கு அது கியூபா நீங்கலாக அண்டைத் தீவுகளுக்கும் பொருந்தும். எச்-1பி காரர்களுக்குத் தீவுகள் சேராது. அதாவது ஸ்டாம்ப் முடிந்த மாப்பிள்ளைக்கு மயாமி, பஹாமாஸ் பயணம் நடக்காது. கால்வெஸ்டனில் ஏறி கோசுமெல், ப்ரோக்ரெஸோ என்று மெக்சிகோ ஊர்களை மட்டும் தொட்டுத் திரும்பும் நான்கைந்து நாள் பயணத்துக்கு விதியில் இடம் இருக்கிறது. அதே கப்பல் ஹோண்டுராஸின் ரோவட்டானிலும் நின்றால் போச்சு. இடையில் புது விசாவுக்கு விண்ணப்பித்திருந்தாலும் சலுகை கிடையாது. இவ்வளவும் சரியாக இருந்தாலும், ஏற்றிக்கொள்வதா வேண்டாமா என்று துறைமுகத்தில் சொல்வது கப்பல் கம்பெனி. அவர்களிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, குடியேற்ற வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

அப்பா அம்மாவின் சுற்றுலா விசா இந்தியர்களுக்குப் பெரும்பாலும் பத்து வருஷம், பல முறை நுழையும் வகை. விசாவில் நுழைவு என்ற இடத்தில் 'எம்' என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தீவுக்குத் தீவு விதி மாறும் என்பதால் ஒவ்வொரு நிறுத்தத்தையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். அமெரிக்காவிலேயே பிறந்த பேரப்பிள்ளைகளுக்குத்தான் யோகம். ஏறிய ஊரிலேயே இறங்கும் பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழே போதும்.

சான் ஹுவானின் வசதி

தீவுகளைத்தான் பார்க்க வேண்டும், கடலை இல்லை என்பவர்கள் பியூர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஏறலாம். அது அமெரிக்கப் பகுதி. விமானச் செலவு கூடும், ஆனால் அங்கே ஏறினால் கரீபியனின் நடுவிலேயே ஏறுகிறீர்கள். செயின்ட் தாமஸ், ஆன்டிகுவா, செயின்ட் லூசியா, பார்படாஸ் என்று பெரும்பாலும் தினம் காலையில் ஒரு தீவு. ஒரே வாரத்தில் ஐந்து ஊர் பார்க்கலாம்.

இன்னும் தெற்கே, மயாமியில் ஏறும் ஒரு வாரப் பயணிக்கு எட்டாத இரண்டு பிரெஞ்சுத் தீவுகள் இருக்கின்றன. மார்ட்டினிக், குவாதலூப். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853-ல் மார்ட்டினிக்கையும் 1854 டிசம்பர் 24-ம் தேதி குவாதலூப்பையும் அடைந்தது. அவர்களுடைய பேரன் பேத்திகள் பலருக்கு இன்று தமிழ் பேச வராது. ஆனால் கேப்ஸ்டெர் ஊரின் ஷாங்கி பகுதியில் கோபுரத்தோடு கோயில் நிற்கிறது. மாரியம்மன் அவர்கள் வாயில் 'மாலியெமன்' ஆகியிருக்கிறாள். அங்கே பிரபலமான 'கொலம்போ' என்ற கறியை வாயில் வைத்தால் மல்லி, மஞ்சள், சீரகம் மணக்கும். குளிர்காலத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் சில அந்தத் தீவுகளிலிருந்தே கப்பல் விடுகின்றன. தமிழ்க் குடும்பம் ஒன்று கரீபியனுக்கு ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால், நீர்ச் சறுக்கைவிட இந்த ஊருக்கு முதலிடம் கொடுக்கலாம்.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உச்சம், டிக்கெட் மலிவாவதும் அப்போதுதான். புயலைவிடக் கப்பல் வேகமானது என்பதால் பயணிகளுக்கு ஆபத்து அரிது. ஆனால் கிழக்கே போவதாகச் சொன்ன கப்பல் மேற்கே திரும்பிவிடலாம், டிக்கெட் ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அரூபா, பொனேர், குராசாவ் ஆகிய மூன்றும் புயல் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருப்பவை. செப்டம்பரில் போயே ஆக வேண்டுமானால் அந்தப் பக்கம் போகலாம்.

டிக்கெட் விலையோடு டிப்ஸையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தலைக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் என்றால், ஆறு பேருக்கு ஏழு நாளில் 672 முதல் 840 டாலர். மெக்சிகோவும் 2025 ஜூலையில் கப்பல் பயணிகளுக்குத் தலைக்கு 5 டாலர் என்று வரி போட ஆரம்பித்தது. முதலில் 42 டாலர் என்று அறிவித்து, பேச்சுவார்த்தைக்குப் பிறகு இறங்கி வந்தார்கள். கப்பல் டாக்டருக்குக் கட்டணம் தனி. அப்பா அம்மாவுக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் நடுக்கடலில் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விமானத்தில் போய் ஏறுகிறவர்கள் ஒரு நாள் முன்னாலேயே துறைமுக ஊருக்குப் போய்விட வேண்டும். கரையில் இறங்கியவர்களுக்கோ கடிகாரம்தான் வினை. கோசுமெல்லில் வருஷம் முழுக்க ஒரே நேரம், டெக்சாஸில் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் பின்னால். செல்போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும், கப்பல் மாறாமலும் இருக்கலாம். கம்பெனியே கூட்டிப்போன சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். டாக்சி பிடித்துத் தனியாகப் போன குடும்பத்துக்குக் காத்திருக்காது. இறங்கும்போது வாசலில் எழுதி வைத்திருக்கும் 'எல்லோரும் ஏறவேண்டிய நேரம்' கப்பல் நேரமா, கரை நேரமா என்று கேட்டுக்கொண்டு, அப்பாவின் கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துவிடுவது உத்தமம்.