சாட்சியின் வாயைக் கட்டாதீர்!

2006 ஆகஸ்டில் ஈச்சிலம்பற்று உழவர் வயலையும் மாட்டையும் விட்டு, எறிகணைக்குத் தப்பி, வாகரைக்கு ஓடினர். மாவிலாற்று மதகு பூட்டப்பட்டதால் வந்த போர் என்பர் ஆட்சியினர். பூட்டியவர் இவ்வுழவரா? வாகரையும் நிலைக்கவில்லை; மட்டக்களப்பு முகாம்களே கதியாயின.

இத்தகைய மக்களின் துயரைப் படம் பேசினால் என்ன நேர்கிறது? வன்னியின் 2009 அவலத்தைக் காட்டிய கலம் மக்ரேயின் ‘நோ ஃபயர் சோன்’ படத்துக்கு 2014இல் இந்தியத் தணிக்கைக் குழு சான்றிதழ் மறுத்தது. மலேசியாவில் அதைத் திரையிட்ட லீனா ஹென்றிக்கு 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம்! பொய்யெனில் குறுக்கு விசாரணை செய்க. கூண்டேறுமுன் சாட்சியின் வாயைக் கட்டுவது எந்நாட்டு நீதி?

ஈச்சிலம்பற்று முதியோரை நாம் எப்போது படம்பிடிக்கப் போகிறோம்? அவர்கள் மறைந்தபின் அஞ்சலி எழுதவா காத்திருக்கிறோம்? கற்றோரே, படக்கருவியோடு வாருங்கள். உழவர் பெருமக்களே, கண்டதைக் கூறுங்கள். நாளும் இடமும் குறித்து வைப்போம். முகங்காட்ட அஞ்சுவோரை வற்புறுத்தோம்.