மண்ணைப் பிரிந்த முகங்கள்

உள்ளங்கையில் அடங்கும் கல்முகம் ஒன்று. பச்சைக் கல்லில் இட்ட சில கீற்றுகளே கண்ணும் வாயுமாகி நம்மை நோக்குகின்றன. மெக்ஸிக்கோ நாட்டின் கெரேரோ மாநிலத்து மெஸ்காலா முகங்கள் இத்தகையன. இவற்றின் அழகை எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் ஓவியர் மிகுவேல் கோவாறுபியாஸ் (1904–1957). அவரும் ஒரு சேகரிப்பாளரே. ஆதலின், சேகரிப்போர் யாவரையும் கள்வரெனப் பழித்தல் நேர்மையாகாது.

ஆயினும், கலையார்வத்தின் பெயரால் நிகழும் ஓர் இழப்பை நாம் மறத்தலாகாது. கரியையும் எலும்பையும் கொண்டு காலங் கணிக்கும் முறை கல்லுக்குப் பொருந்தாது. எந்த மண்படையில், எவற்றின் அருகே கிடந்தது என்பதே கல்முகத்தின் வரலாற்றுக்குச் சாட்சி. இரவிற் கல்லறையைத் தோண்டுபவன் அச்சாட்சியை அழித்துவிட்டே முகத்தை விற்கிறான்.

இதற்கு மாறான ஒன்றைப் பார்ப்போம். மெக்ஸிக்கோ நகரின் நடுவே, அஸ்தெக் மக்களின் பெருங்கோயிலை 1978 இல் எதுவார்தோ மத்தோஸ் மொக்தெசுமா தலைமையில் அகழத் தொடங்கினர். ஆங்கே படையற்குழி ஒன்றில், சுமார் 10 சென்ரிமீற்றர் உயரமான ஒல்மெக் முகம் ஒன்று கிடைத்தது. படையலோ 15 ஆம் நூற்றாண்டுக்குரியது; முகமோ அதனினும் ஏறத்தாழ 2000 ஆண்டுகள் மூத்தது. அஸ்தெக் மக்களும் தம் முன்னோர் காலப் பொருளைத் தேடிப் போற்றினர் என்னும் பேருண்மையை அக்குழி நமக்கு அறிவித்தது. அதே முகம் வணிகன் ஒருவன் கைவழி வந்திருப்பின், அதன் அழகையன்றி வேறென்ன அறிந்திருப்போம்?

“அஸ்தெக் மக்களும் சேகரித்தனரே” என வாதிப்பார் உளர். உண்மை, ஆனால், அவர்கள் அதனைக் கோயிலிற் படைத்து மண்ணிடம் ஒப்படைத்தனர். இன்றைய செல்வரோ தம் கண்ணாடிப் பேழையுள் அடைக்கின்றனர்.

1972 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெக்ஸிக்கோ தன் தொல்பொருள்களை நாட்டின் உடைமையெனப் பிரகடனஞ் செய்தது. எனினும், 2021 இல், அவ்வரசின் எதிர்ப்பையும் மீறி, தெயோதிவாக்கான் முகம் ஒன்று பாரிஸ் நகர ஏலத்தில் விலைபோயிற்று. விலை ஏறுந்தோறும் மண்வெட்டிகளுக்கு வேலை மிகும், போலிகளும் பெருகும்.

நூதனசாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய முகத்தின் முன் நிற்கையில், “எத்துணை அழகு!” என வியப்பதோடு அமையாது, “இது எங்கே கிடைத்தது?” என வினவவும் பழக்குங்கள். அவ்வினாவுக்கு விடையில்லாத முகம், நாவறுந்த முகமேயாகும்.