யாருடைய கண்ணால் துப்பறிவது?

"துப்பறியும் படமும் துப்பறியும் கதையும் இலக்கியக்காரர் பேசுகிற பொருளா?" எங்கள் மாத்தளைப் பக்கத்து இலக்கியக் கூட்டங்களில் இந்தக் கேள்வியைத் தீர்ப்புச் சொல்வது போலக் கேட்டுவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள். கவிதையில் படிமம் பற்றி மூன்று மணித்தியாலம் கதைப்போம். கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போனால், இஷாவுக்குப் பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பது பொலிஸ்காரன் துப்பாக்கியோடு ஓடுகிற படத்தைத்தான். பார்ப்பதைச் சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தால் யாரும் அதை விமர்சிப்பதும் இல்லை. விமர்சிக்கப்படாத அந்தப் படங்கள்தாம் எங்களைப் பற்றி ஊராருக்கும், ஏன், எங்கள் பிள்ளைகளுக்குமே பாடம் நடத்திக்கொண்டிருக்கின்றன என்பது என் வாதம்.

எங்களோடு சம்பந்தமே இல்லாத ஒரு படத்தை எடுக்கிறேன். சம்பந்தம் இல்லாததால் கோபப்படாமல் பார்க்கலாம். 1989 இல் ரிட்லி ஸ்கொட் இயக்கிய 'பிளாக் ரெய்ன்', அதாவது கறுப்பு மழை. நியூயோர்க் பொலிஸ் துப்பறிவாளர் இருவர், மைக்கேல் டக்ளஸும் அன்டி கார்சியாவும், கொலைகாரன் ஒருவனைப் பிடித்து ஜப்பானுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒஸாகாவில் விமானம் இறங்கியதும் பொலிஸ் வேடத்தில் வந்த யக்குசாக்கள் (ஜப்பானியக் குற்றக் கும்பல்காரர்களுக்கு அதுதான் பெயர்) ஜப்பானிய மொழிக் காகிதத்தை நீட்டுகிறார்கள். அமெரிக்கர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. கைதியைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு ஓடுகிற இரத்தமெல்லாம் இந்த ஓர் அறியாமையிலிருந்து ஓடுவதுதான்.

அருமையான தொடக்கம் இது. ஆனால் அந்த அறியாமைக்குப் படம் கணக்குக் கேட்பதில்லை, மெல்ல மெல்ல மன்னித்துவிடுகிறது. நாயகனோ தன் ஊரிலேயே பணம் எடுத்தானென்று விசாரணைக்கு உள்ளானவன். ஒஸாகாப் பொலிஸார் விதிப்படி நடப்பவர்கள், அதனாலேயே மந்தமானவர்களாகக் காட்டப்படுகிறார்கள். மசாஹிரோ என்ற ஜப்பானிய அதிகாரியாக கென் தகாகுரா நடித்திருக்கிறார். களவு களவுதான் என்று அமெரிக்கனின் முகத்துக்கு நேரே சொல்லும் மனிதர். அந்த இடத்தில் படத்தின் மீது எனக்கு மரியாதை வந்தது உண்மை. அமெரிக்கனும் கொஞ்சம் திருந்துகிறான், மறுக்கவில்லை. என்றாலும் மேலதிகாரியின் கட்டளையை மீறித் துப்பாக்கியோடு வந்து நிற்கிறபோதுதான் மசாஹிரோவைப் படம் முழு ஆளாக ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கடைசிச் சண்டை நடக்கிற "ஜப்பானிய" நாட்டுப்புறம் கலிபோர்னியாவில் படமாக்கப்பட்டது. பார்த்துக்கொள்ளுங்கள்!

தலைப்பின் பொருளைச் சொல்பவன் யார் என்பது இன்னும் பெரிய வேடிக்கை. கிழட்டு யக்குசாத் தலைவன் ஒருவன், சிறுவயதில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதையும், பிறகு கறுப்பாக மழை பெய்ததையும் சொல்கிறான். அதற்குப் பழிவாங்கவே கள்ள டொலர் அச்சடிக்கிறானாம். படத்திலுள்ள ஒரே சரித்திர உண்மை ஒரு குற்றவாளியின் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது. அவன் சொன்னதால் அது பெறுமதியற்றுப் போகிறது. சில நிமிடத்தில் மறந்தும் போகிறது. அதே 1989 இல் அதே தலைப்பில் ஷோஹெய் இமாமுரா என்ற ஜப்பானியர் ஒரு படம் எடுத்தார், மசூஜி இபுசேயின் நாவலை வைத்து. ஹிரோஷிமாவின் கறுப்பு மழையில் நனைந்த ஒரு பெண்ணுக்கு ஊரிலே வரன் அமையவில்லை. அவ்வளவுதான் கதை. துப்பாக்கி இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை. மழை யார் மேல் பெய்ததோ அவர்கள் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட கதை. உலகம் முழுக்க ஓடியது எந்தக் கறுப்பு மழை என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வகைப் படமே இப்படித்தான் என்று தள்ளிவிடவும் முடியாது. 1974 இல் சிட்னி பொலாக் எடுத்த 'த யக்குசா' படத்திலும் ஓர் அமெரிக்கன் ஜப்பானுக்குப் போகிறான், அங்கும் கென் தகாகுரா இருக்கிறார். ஆனால் அந்த அமெரிக்கன், தான் செய்த தீங்குக்கு அந்த நாட்டு முறைப்படி தன் விரலை வெட்டி வைத்து மன்னிப்புக் கேட்கிறான். பதினைந்து வருடத்தில் ஹொலிவூட்டுக்கு அந்தப் பணிவு எங்கே போனது?

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். 'பிளாக் ரெய்ன்' அமெரிக்காவில் திரைக்கு வந்தது 1989 செப்டெம்பரில். அந்த வருடம் மாத்தளை மாவட்டம் எப்படி இருந்தது என்பதை நாற்பத்தைந்தைத் தாண்டிய யாரிடமும் கேட்கலாம். ஜேவிபி கிளர்ச்சியும் அதை அடக்கப் புறப்பட்டவர்களின் வெறியும் ஒன்றாக நடந்த காலம். கொண்டுபோகப்பட்ட இளைஞர்கள் பலர் வீடு திரும்பவில்லை. 2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண்ணைத் தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் வெளிவந்தன. அவை எந்தக் காலத்தவை என்பதில் அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஒன்று எண்பதுகளின் பிற்பகுதி என்றது, மற்றது 1950 க்கு முந்தியது என்றது. காணாமற்போன மகனின் படத்தை வைத்திருக்கிற சிங்களத் தாய்க்கு எந்த அறிக்கையால் ஆறுதல்? சட்டப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேலை பார்க்கிற பொலிஸ்காரன் திரையில் தோன்றும்போது கைதட்ட, உலகத்தில் வேறு யாருக்கு மனம் வந்தாலும் மாத்தளைக்காரனுக்கு வரலாமா?

வாசிக்கத் தெரியாத காகிதத்துக்கும் எங்களிடம் உதாரணம் உண்டு. 2020 மே மாதம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார். அவருடைய 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுகிறதாம். தமிழ் அறிந்தவர்கள் அதைத் திறந்து பார்த்தால் வன்முறையைச் சாடும் கவிதைகள் இருக்கின்றன. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒஸாகாவில் காகிதம் வாசிக்கத் தெரியாத அமெரிக்கன் ஏமாந்தான். இங்கே காகிதம் வாசிக்கத் தெரியாதவர்களால் ஒரு கவிஞனின் ஒன்றரை வருடத்துக்கு மேல் சிறையில் போனது. துப்பறிபவனுக்கு மொழி தெரிய வேண்டும் என்பது திரைக்கதை நுட்பம் மட்டும்தானா?

தமிழ்ப் படங்களின் கதை எல்லோருக்கும் தெரியும். 2012 இல் 'துப்பாக்கி', 2013 இல் 'விஸ்வரூபம்'. நாம் செய்தது என்ன? தடைசெய் என்று குரல் கொடுத்தோம். தமிழ்நாட்டில் 'விஸ்வரூபம்' சில நாள் நிறுத்தப்பட்டு, சில இடங்கள் வெட்டப்பட்டு வெளிவந்தது. வந்த பிறகு கூட்டம் இன்னும் கூடியது. தடை கேட்பது சோம்பேறியின் விமர்சனம். ஒரு காட்சியை வெட்டலாம், கதையைச் சொல்கிறவனின் கண்ணை வெட்ட முடியாது. அதற்கு எதிராக வைக்க நம்மிடம் ஒரு கதை இருந்ததா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

இருந்தது என்பதுதான் என் ஆத்திரம். 1885 இல் கண்டிச் சட்டத்தரணி அறிஞர் சித்திலெப்பை 'அஸன்பேயுடைய கதை'யை எழுதினார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று மேடைக்கு மேடை மாலை போடுகிறோம். மாலை போடுகிறவர்களில் அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? அது எகிப்தில் பிறந்த பிள்ளை கடத்தப்படுகிற கதை. பம்பாயில் வளர்ந்து, கல்கத்தா போய், வஞ்சகர்களிடம் தப்பி, தன் பிறப்பின் மர்மத்தைக் கண்டுபிடிக்கிற கதை. இன்றைய வார்த்தையில் சொன்னால் ஒரு திரில்லர்! 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தி, சமூகத்தைப் பள்ளிக்கூடம் பக்கம் திருப்பிய மனிதர் அப்படியொரு கதை எழுதத் தன் கௌரவம் குறைந்ததாக நினைக்கவில்லை. குறைவதாக நினைப்பது நாம். சீதனமும் தலாக்கும் மட்டுமே முஸ்லிம் கதையின் பொருள் என்று நமக்கு நாமே வேலி கட்டிக்கொண்டோம்.

வேலிக்கு வெளியே எவ்வளவோ கிடக்கிறது. 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசலுக்குள் கூட்டம் புகுந்தது எங்கள் மாவட்டத்தில்தான். வீடியோவில் முகங்கள் தெளிவாகவே தெரிந்தன. தமிழும் சிங்களமும் அறபு எழுத்தும் வாசிக்கத் தெரிந்த ஒரு கொன்ஸ்தாபலை அந்த வழக்கில் இறக்கிவிட்டுப் பாருங்கள். உக்குவளையிலோ வரக்காமுறையிலோ பிறந்தவன். அவன் எழுதும் முறைப்பாட்டுக் குறிப்பில் எது விடுபடும், யார் விடுபடச் சொல்வார்கள், இரவில் வீட்டுக்கு வந்தால் உம்மா என்ன கேட்பார்?

எழுதத் தெரிந்த தம்பிமார் நமக்குள் இருக்கிறார்கள். ஆசிரியர் நானாவிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த இதழில் கவிதைக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஆறு பக்கத்தைக் குறைத்து ஒரு துப்பறியும் கதைக்குக் கொடுங்கள். முதல் கதை மோசமாக வந்தாலும் போடுங்கள், அதைத் திட்டி எழுத நான் இருக்கிறேன்.