உதறிவிட்ட அரை சாம்பிள்

ஆம்ஸ்டர்டாமில் 1814-இல் டீட்ரிக் விங்கல் செய்த ஊசல் கருவியை எடுத்து, அளவுகோல் ஒன்றைப் பொருத்தி, மறு ஆண்டே காப்புரிமை வாங்கிவிட்டார் மெல்ட்சல் என்பவர். மெட்ரோனோமின் பிறப்பே இப்படி ஒரு பறிப்பில்தான். 1817-இல் பீத்தோவன் தம் எட்டுச் சிம்ஃபனிகளுக்கும் நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று எண் குறித்து வெளியிட்டார். அந்த வேகத்தில் வாசிக்க முடியுமா என்று இசைக்காரர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். கணினிக்கு அந்தச் சண்டை கிடையாது; 120 என்றால் 120. ஆனால் அந்த 120-ஐ அது காப்பாற்றிய லட்சணம்தான் வேடிக்கை.

1983-இல் வந்த மிடி என்ற தரநிலை, பீட்டுக்கு 24 துடிப்பு என்று வகுத்து டிரம் மெஷின்களையும் சிந்தசைசர்களையும் ஒன்றாக ஓடவைத்தது. அந்த வேலை பொதுக் கணினிக்கு வந்தபோது, நிரலாளர்கள் கைக்கு எட்டிய டைமரை எடுத்துக்கொண்டார்கள். '125 மில்லிசெகண்டில் எழுப்பு' என்றால், இயங்குதளம் தன் மற்ற வேலைகளை முடித்துவிட்டு வந்து எழுப்பும். விண்டோஸ் டைமரின் வழக்கமான இடைவெளியே சுமார் 15.6 மில்லிசெகண்ட். டிரம் வாசிப்பவர் காதுக்கு இது அப்பட்டமான தடுமாற்றம்.

சவுண்ட் கார்டோ நொடிக்கு 44,100 சாம்பிளை, அதாவது ஒலித் துணுக்குகளை, விழுங்கிக்கொண்டே இருக்கிறது. யாரிடமும் மணி கேட்க வேண்டாம்; அவற்றை எண்ணினால் போதும். 120 டெம்போவில் ஒரு பீட் 22,050 சாம்பிள். அதில் கால்வாசி 5,512.5. அரை சாம்பிள் என்று ஒன்று கிடையாதே என்று உதறினால், ஒரு மணி நேரத்தில் 14,400 சாம்பிள் தொலையும். தாளம் நொடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முந்திப்போகும்.

இப்படிச் சில்லறையை விட்டு ஐரோப்பாவும் ஒருமுறை மாட்டிக்கொண்டது. ஜூலியன் நாட்காட்டி ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் கூட்டி எண்ணியது. 1582-இல் அக்டோபர் 4-க்கு மறுநாள் 15 என்று அறிவித்துத்தான் போப் கிரிகோரி கணக்கை நேர்செய்தார். பாட்டின் நடுவே அப்படித் தாவ முடியாது. ஆகவே மீதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருமுறை 5,512, அடுத்தமுறை 5,513 என்று மாற்றி மாற்றித் தட்டவிடுகிறார்கள். லீப் ஆண்டும் இந்தக் கணக்குத்தான்.

எண்ணினால் மட்டும் போதாது. ஒலி பஃபர் பஃபராகத்தான், அதாவது சாம்பிள்கள் கட்டுக்கட்டாகத்தான், வெளியேறும். 512 சாம்பிள் பஃபர் என்றால் 11.6 மில்லிசெகண்ட். நடுவில் விழ வேண்டிய தட்டை அதன் தொடக்கத்திலேயே வைத்துவிடும் நிரல்கள் இன்றும் எழுதப்படுகின்றன. தொடக்கப் பாடங்கள் டைமரிலிருந்து தொடங்குவதே இதற்குக் காரணம் என்பேன். டைமருக்கும் ஒரு வேலை உண்டு: அவ்வப்போது எழுந்து, அடுத்த சில தட்டுகளை, சாம்பிளை எண்ணும் ஒலிக் கடிகாரத்திடம் முன்கூட்டியே ஒப்படைப்பது. சற்றுத் தாமதமாக எழுந்தாலும் பாதகமில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, இரண்டு கணினிகளின் 44,100 ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் இலட்சத்தில் சில பங்கு வேறுபடும். ஸ்டுடியோவில் ஒரே கருவியின் வேர்ட் கிளாக் எனும் பொதுத் துடிப்புக்கு மற்றவை எல்லாம் கட்டுப்பட்டு ஓடுவது அதனால்தான்.