பூட்ஸ் துடைக்கவா சிப்பாய்?

சென்னைப் பரங்கிமலையில் 1963-ல் தொடங்கிய ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கூடம் இருக்கிறது. ஏறக்குறைய ஓராண்டுப் பயிற்சி. அது முடிந்ததும் வாலிபன் தோளில் இரண்டு நட்சத்திரம் ஏறுகிறது. அவன் பொறுப்பில் முப்பது சிப்பாய்கள். அவர்களில் பலர் அவனைவிட மூத்தவர்கள், உழவன் வீட்டுப் பிள்ளைகள். இவர்களை நடத்த அவனுக்குக் கிடைக்கும் பாடம் என்ன?

1932-ல் டேராடூன் ராணுவக் கல்லூரியைத் திறந்து வைத்த செட்வுட் துரை சொன்னது இது: நாடு முதலில், சிப்பாயின் நலன் அடுத்தது, அதிகாரியின் சுகம் கடைசியில். வெள்ளைக்காரன் சொன்னாலும் நல்ல பாடம்தான்.

நடப்பு என்ன? அதிகாரிக்குச் சேவகம் செய்ய ஒரு சிப்பாய்! 'சகாயக்' என்று பெயர். துப்பாக்கி பிடிக்க வந்தவன் கையில் பூட்ஸ் பாலீஷ்! இது வெட்கக்கேடு, ஒழியுங்கள் என்று 2008-ல் நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழுவே கூறியது. 2017-ல் சிப்பாய்களே வாய் திறந்து முறையிட்டபோதும் அந்த வழக்கம் ஒழிந்திருக்கவில்லை.

"போர்க்களத் துணைவன்" என்று சமாதானம் சொல்கிறார்கள். அப்படியானால் கடற்படையிலும் விமானப்படையிலும் இந்த வழக்கம் இல்லையே, ஏன்? அங்கே தலைமை இல்லாமலா போயிற்று?

தோழர்களே! தலைமை எது என்று பாஞ்சாலங்குறிச்சி மண்ணைக் கேளுங்கள். 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பெனி, கோட்டையை இடித்துத் தள்ளியது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, சில நாட்களிலேயே மண்கோட்டையை மறுபடி எழுப்பினான். மார்ச் 31 அன்று மோதிய கும்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது.

அவன் பாளையக்காரர் குடும்பத்தவன், மறைக்கவில்லை. ஆனால் வாய் பேச வராதவன். கையசைவுதான் அவன் கட்டளை. கோட்டை விழுந்தபின் நடந்ததை எதிர்ப்படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரியே எழுதியிருக்கிறார். பிணக்குவியலில் மகனைத் தேடி வந்தாள் ஒரு தாய். உயிர் போகிற நேரத்தில் மகன் சொன்னான்: என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் தலைவனைக் காப்பாற்று. ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றார்கள். எதிரியின் ஆட்கள் தேடி வந்தபோது துணி போர்த்தி, அம்மை கண்டு செத்த பிணம் என்று சொல்லி விரட்டினார்கள்.

இந்த அன்பைச் சட்டம் போட்டு வாங்க முடியுமா? மேஸ்திரியின் அதட்டலுக்கு மில்லில் கை ஓடும்; மனம் ஓடாது. பட்டாளத்திலும் அதுவேதான்.

சேவகம் வாங்கிப் பழகியவன் தலைவனாக மாட்டான். புதிய அதிகாரி தன் பூட்ஸைத் தானே துடைக்கட்டும். சிப்பாயின் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அவன் குறையைக் காது கொடுத்துக் கேட்கட்டும். சகாயக் முறையை அடியோடு ஒழி! அதுவே முதல் பயிற்சி.