பெயர்ப்பலகை மட்டும் மாறினால் போதுமா?

2019 நவம்பரில் ஆந்திரப் பிரதேச அரசு அரசாணை 81ஐ வெளியிட்டது. அரசுப் பள்ளிகள் அனைத்தும் அடுத்த கல்வியாண்டிலேயே 1 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆங்கில வழிக்கு மாற வேண்டுமாம். அதே மாதத்தில் அரசாணை 85 வந்தது. 6ஆம் வகுப்பு வரை எனச் சுருக்கினர். 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. வழக்கு அத்துடன் ஓயவில்லை என்பது வேறு. நாம் எழுப்ப வேண்டிய கேள்வி எளியது: நேற்று வரை தெலுங்கில் கணிதமும் அறிவியலும் கற்பித்த ஆசிரியர், கோடை விடுமுறை முடிந்து வந்து அவற்றை ஆங்கிலத்தில் எப்படிக் கற்பிப்பார்?

ஆங்கிலம் வேண்டும் எனக் கேட்கும் தலித், பழங்குடி, உழைப்பாளிப் பெற்றோரை மோகம் பிடித்தவர்கள் என ஏளனம் செய்வோருடன் நமக்கு உடன்பாடில்லை. (ஏளனம் செய்வோரின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதையும் தோழர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.) உயர்நீதிமன்றமும் உயர்பதவியும் ஆங்கிலத்தில் இயங்கும் நாட்டில் அக்கோரிக்கை நியாயமானது. அந்த நியாயத்தைத்தான் ஆட்சியாளர்கள் மலிவு விலைக்கு விற்கிறார்கள். பெயர்ப்பலகையை மாற்றப் பணம் அதிகம் வேண்டாம். ஆசிரியரை உருவாக்க வேண்டும்.

வீட்டில் தெலுங்கோ கோயாவோ பேசும் சிறுமிக்கு 'டேபிள்' என்றால் மேசை. கணக்கு வகுப்பில் அதுவே வாய்ப்பாடு, அறிவியல் வகுப்பில் அட்டவணை. 'வால்யூம்' வானொலிப் பெட்டியில் ஒலியளவு, பாடநூலில் கனஅளவு. அவள் தடுமாறுவது கணக்கிலா, மொழியிலா என்று பிரித்தறிவதே ஒரு தனித்திறன். தாய்மொழியை எப்போது பாலமாக்குவது, குழந்தை தன் மொழியில் சொன்ன சரியான விடையை ஆங்கிலத்திற்கு எவ்வாறு கொண்டு செல்வது என்பவையும் அவ்வாறே. நன்றாக ஆங்கிலம் பேசத் தெரிந்தவருக்கு இவையெல்லாம் தாமாக வந்துவிடுவதில்லை. சில நாள் பணியிடைப் பயிற்சியிலும் வருவதில்லை.

வருங்கால ஆசிரியர் இவற்றை எங்கே கற்பார்? 2014இல் பி.எட். படிப்பை ஈராண்டாக்கிய தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், எல்லாப் பாடங்களிலும் மொழியின் பங்கு பற்றி அரைத்தாள் ஒன்றைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. அரைத்தாள்! அதையும் யார் நடத்துகிறார்கள்? தனித்து இயங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை முறையான ஆசிரியர் கல்வியைத் தர முயலாமல் பட்டத்தை விற்கின்றன என நீதிபதி வர்மா ஆணையம் 2012இல் கண்டறிந்ததாக, ஒன்றிய அரசின் புதிய கல்விக் கொள்கையே ஒப்புக்கொள்கிறது. நோய் தனியார்மயம் என்பதை மட்டும் ஏனோ அது சொல்வதில்லை. 2030க்குள் நான்காண்டுப் படிப்பு என்கிறது. ஆண்டுகளைக் கூட்டினால் அதே கடை நான்காண்டுக் கட்டணம் வசூலிக்கும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. அதைக் கைவிடாமலே, ஒவ்வொரு குழந்தைக்கும் தரமான ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பிக்க அரசு கடமைப்பட்டுள்ளது. மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் காலியாக உள்ள விரிவுரையாளர் பணியிடங்களை நிரப்புக. இருமொழி வகுப்பறையைக் கையாளும் பயிற்சியைப் பழங்குடிப் பகுதிப் பள்ளிகளிலேயே நடத்துக. பயிற்சி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குக. ஆசிரியர் சங்கங்களோடும் மாணவர் அமைப்புகளோடும் இக்கோரிக்கைகளை நமது கிளைகள் இந்தக் கல்வியாண்டு தொடங்குமுன் பெற்றோர் கூட்டங்களுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.